அமைதியான குழந்தை

செப்டம்பர் 4

பயந்துகொண்டேதான் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தேன். அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருந்த மூன்று மாதமும் பூரணியைத் தூக்க, துடைக்க, குளிப்பாட்ட யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தார். இங்கே நானும் அவரும் மட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட வர முடியவில்லை. அவருக்கு ரயில்வேயில், தண்டவாளம் மாற்றிவிட்டு வண்டிக்குக் கொடி காட்டுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அவர் டூட்டிக்குப் போய்விட்டால் இந்தக் குழந்தைக்கு நான் ஒருத்திதான்.

கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இந்தச் சின்ன ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் எதுவும் நிற்பதில்லை. ஹாரன் அடித்தபடியே தாண்டிப் போகும். அப்போது வீட்டில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அலமாரியில் பாத்திரம் ஒன்றோடொன்று மோதும். கல்யாணமாகி வந்த புதிதில் நானே எத்தனை தடவை தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கிறேன். இன்று மத்தியானம் ஹாரன் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தொட்டிலுக்கு ஓடினேன். பூரணி அசையவே இல்லை. வாயைக் குவித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா குழந்தையைப் பார்க்க வந்திருந்தாள். வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்டுப் பழகியிருக்கும், ரயில்வே பிள்ளை அல்லவா என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 6

முதல் தடவையாகத் தனியே குளிப்பாட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து அவளைக் குப்புறப் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றினேன். சோப்பு பட்ட உடம்பு மீன் மாதிரி வழுக்கியது. கை விட்டுப் போனால் என்ன செய்வேன் என்ற நினைப்பிலேயே குளிப்பாட்டி முடித்துவிட்டேன். கழுத்து மடிப்பில் ஊறிய பால் வாடை போகவில்லை.

காதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடு என்று அத்தை, அவருடைய அம்மா, போனில் சொன்னாள். மூக்கிலும் காதிலும் எதுவும் விடவே கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். விட்டேன் என்று அத்தையிடம் பொய் சொல்லிவிட்டேன். தண்ணீர் போகாமல் காதைச் சுற்றித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். சின்னக் காது. சங்குப் பூ மாதிரி.

செப்டம்பர் 8

தடுப்பூசி. தொடையில் ஊசி போட்டதும் அவள் வீறிட்டதில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. பரவாயில்லை, நல்ல குரல் என்றார் நர்ஸ்.

நர்ஸ் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாளா? சிரிக்கிறாள். கழுத்து நிற்கிறதா? நிற்கிறது. சத்தம் வந்தால் திரும்புகிறாளா? திரும்புகிறாள். பிறந்த ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்தார்களா என்று கேட்டார். அன்று மிஷின் ரிப்பேர், பிறகு வரச் சொன்னார்கள் என்றேன். ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். வெளியே நல்ல வெயில். ஆட்டோ கிடைக்க நேரமாயிற்று.

சாயங்காலம் காய்ச்சல். சொட்டு மருந்து கொடுத்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். டூட்டியிலிருந்து அவர் மூன்று தடவை போன் செய்தார்.

செப்டம்பர் 9

காய்ச்சல் விட்டது. அவள் தூங்கினாள். நானும்.

செப்டம்பர் 21

இவருக்கு என்னவோ ஆகிவிட்டது. கையில் எதுவும் நிற்பதில்லை. முந்தாநாள் சில்வர் டம்ளர். இன்று தொட்டிலுக்குப் பக்கத்திலேயே குழம்புச் சட்டி மூடி. நான் அடுக்களையிலிருந்து பதறி ஓடி வந்தால், கீழே கிடந்த மூடியை எடுக்காமல் தொட்டிலையே பார்த்தபடி நிற்கிறார். குழந்தை இருக்கிற இடத்தில் இப்படியா என்று கத்தினேன். கை தவறிவிட்டது என்றார். நைட் டூட்டி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல.

பூரணி விழித்துத்தான் இருந்தாள். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மின்விசிறி என்றால் உயிர்.

அக்டோபர் 3

ரெஜினா அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் போகவில்லை. அவள் பையனுக்கும் நாலு மாதம். இங்கே தூக்கி வந்து பாயில் பூரணிக்குப் பக்கத்தில் போட்டாள். குக்கர் விசில் அடித்தால் அந்தப் பையன் உடம்பெல்லாம் குலுங்கி அழுகிறான். அம்மா குரல் கேட்ட பக்கமெல்லாம் தலையைத் திருப்புகிறான். பாவம், பயந்த சுபாவம். பூரணி அப்படி இல்லை.

நான் பூரணியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவளைக் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்?

அக்டோபர் 10

இன்று கூட்ஸ் வண்டி போனபோது பாயில் கிடந்தவள் கண்ணைத் திறந்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரைக்கும் பார்த்தாள். கேட்கிறதுதானே.

இதை அவரிடமும் சொன்னேன். அப்படியா என்றார். முகம் மலர்ந்த மாதிரி இருந்தது. பிறகு வேறு ஏதோ பேசினார்.

அக்டோபர் 18

பூரணி கவிழ்ந்துவிட்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள, முகம் பாயில் அழுந்திக் கிடந்தாள். ஓடிப் போய்த் திருப்பினேன். அவள் சிரிக்கிறாள். இனி தலையணை, போர்வை எதுவும் பக்கத்தில் கூடாது.

அண்ணன் வீடியோ காலில் வந்தான். கோமதிநாயகம் என்று பெயர். எனக்கு நாலு வயது மூத்தவன். தென்காசியில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலை. பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கையால்தான் பேசுவான். சின்ன வயதிலிருந்து கடையில், பஸ்ஸில், கோயிலில், அவனுக்கும் ஊருக்கும் நடுவில் நான்தான் வாய். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அத்தை அவனைப் பார்த்துவிட்டு, இது குடும்பத்தில் வருவதா என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “வந்தா பாத்துக்கிடலாம்மா” என்று இவர்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இவருக்குச் சம்மதித்தேன்.

எதற்கு இன்று இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

குழந்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று அண்ணன் கேட்டான். அவளுக்குச் சளி, தீபாவளி கழியட்டும் என்று கையால் சொன்னேன். சென்ற மாதமும் சளி என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 30

அவள் அதிகம் சத்தம் போடுவதில்லை. முன்பு ங்கா, ங்கா என்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. இவ்வளவு அமைதியான குழந்தையைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தாலாட்டுப் பாடும்போது என் கழுத்தில் கை வைத்துக்கொள்கிறாள். பாட்டை நிறுத்தினால் கையை எடுத்துவிடுகிறாள்.

நவம்பர் 12

தீபாவளி. விடிவதற்கு முன்பே ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தினேன். பூரணியின் காதுகளில் பஞ்சு வைத்தேன். வெளியே ஊரே வெடித்துக்கொண்டிருந்தது. பஞ்சு வைத்ததால்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

சாயங்காலம் நான் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ எடுக்க அறைக்கு வந்தால், அவர் தொட்டில் பக்கத்தில் நிற்கிறார். கையில் இரண்டு துண்டுப் பஞ்சு. ஜன்னல் திறந்திருந்தது. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அணுகுண்டு வெடித்தார்கள். என் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. தொட்டில் துணி அசையவில்லை.

அவர் ஜன்னலைச் சாத்தினார். பஞ்சை மறுபடி அவள் காதுகளில் வைத்தார், மெதுவாக, வலித்துவிடும் என்பது போல. என்னைப் பார்க்காமல் வெளியே போய்த் தண்டவாளப் பக்கம் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன், பசியில்லை என்றார். கண் சிவந்திருந்தது. வெடிப் புகை அவருக்கு ஆகாது.

நவம்பர் 13

இன்று எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 26

அண்ணன் சொல்லாமல் வந்துவிட்டான்.

காலை பாசஞ்சரில் இறங்கி நேராக வீட்டுக்கு வந்தான். பட்டறைப் பெயிண்ட் வாடை போகக் குளித்திருந்தான், நகக்கண்ணில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தவுடன் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தான். சளியா என்று மூக்கைத் தொட்டுக் கேட்டான். சரியாகிவிட்டது என்றேன்.

பூரணி அவனிடம் ஒட்டிக்கொண்டாள். என்னிடம்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. அவன் கை போகிற இடமெல்லாம் அவள் கண் போனது. அவன் முகத்தை நீட்டினால் சிரித்தாள், கன்னத்தை உப்பினால் அதைப் பிடிக்கக் கை நீட்டினாள். நான் அடுக்களைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். குழந்தை தூங்கும் நேரம், கொடு என்று இரண்டு தடவை கேட்டேன். அவன் கொடுக்கவில்லை.

ரெஜினா அக்கா வாசலில் நின்று பூரணி, பூரணி என்று கூப்பிட்டாள். அக்காவின் வாய் அசைவதை அண்ணன் பார்த்தான். உடனே மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தான். அவள் அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அக்கா போனதும் அவன் எழுந்து குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அறை நடுவில் நின்றான். எதற்கோ காத்திருக்கிறான் என்று தெரிந்தது. எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு எக்ஸ்பிரஸ் வந்தது. ஜன்னல் நடுங்கியது. அவன் செருப்பில்லாத பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு, கழுத்தைத் திருப்பிக் குழந்தையின் கண்களையே பார்த்தான். பூரணி கொட்டாவி விட்டாள்.

அவளைப் பாயில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் துணி துவைக்கப் போவதாகச் சொன்னேன். என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தான். வெகு நேரம் அப்படியே இருந்தோம். கூட்ஸ் வந்தது. தரை அதிர்ந்தது. பூரணி கண்ணை அகலத் திறந்து உருட்டினாள்.

அண்ணன் தரையைத் தொட்டான், தன் உள்ளங்கையைத் தொட்டான், நெஞ்சைத் தொட்டான். எனக்கும் ரயில் இப்படித்தான் வரும் என்றான். பிறகு தன் காதைத் தொட்டுவிட்டு அவளைக் காட்டினான். மறுபடி தன்னைக் காட்டினான்.

அவன் கையைத் தட்டிவிட்டேன். இல்லை என்றேன். அவன் மறுபடி அதையே சொன்னான். மறுபடியும் தட்டிவிட்டேன். சின்ன வயதில்கூட நான் அவனை அடித்ததில்லை.

டூட்டி முடிந்து இவர் வந்தார். மூன்று பேருக்கும் சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். குழந்தையைக் காட்டி, காதைத் தொட்டு, டாக்டரிடம் உடனே போங்கள், நாள் கடத்தாதீர்கள் என்று நிதானமாகச் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான்தானே அவனுக்கு வாய்.

“மச்சான் என்ன சொல்லுதாரு?” என்று இவர் கேட்டார்.

“பிள்ளை மெலிஞ்சிருக்காம். பால் பத்துதான்னு கேக்கான்.”

அண்ணன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உலகத்தில் எல்லோர் உதட்டையும்விட என் உதட்டைத்தான் அவன் நன்றாகப் படிப்பான். நான் என்ன சொன்னேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து கை கழுவினான். பையை எடுத்துக்கொண்டான். பூரணியின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனான். இவர்தான் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

திரும்பி வந்தவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

“வடிவு, மச்சான் அதைச் சொல்லலை.”

துணி எடுக்க வேண்டும், பனி விழுகிறது என்றேன்.

“காதைத் தொட்டுக் காட்டினா எனக்கு விளங்காதா? அவரு வந்து சொல்லணும்னுகூட இல்லை. எனக்கு அப்பவே தெரியும்.”

“எப்ப?”

“டம்ளர் கை தவறியா விழுந்துச்சு?”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் வந்து எதிரில் உட்கார்ந்தார். டூட்டியில் கொடியும் விசிலுமாக நிற்கும்போதெல்லாம் இதே நினைப்புதானாம். ஒருநாள் விசிலை வீட்டுக்கு எடுத்து வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் ஊதிப் பார்த்திருக்கிறார், நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது. அவள் விழிக்கவில்லை. பாயில் கண்ணை உருட்டினாள் என்று நான் சொன்ன அன்றைக்கு ஒருநாள் மட்டும் சந்தோஷமாக இருந்ததாம்.

“நான் வாயைத் திறந்தா உங்க வீட்டைக் குத்தம் சொல்லுத மாதிரி ஆயிருமேன்னு பயந்தேன் வடிவு.”

“நீங்க என்னைக் கொண்டுபோய் எங்க அம்மா வீட்டிலேயே விட்டுருவீங்களோன்னு...”

அவர் என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். இத்தனை மாதமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே பயத்தைப் பயந்திருக்கிறோம். பூரணி பாயில் கிடந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நவம்பர் 27

அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

டிசம்பர் 5

திருநெல்வேலியில் பரிசோதனை. குழந்தை தூங்கினால்தான் எடுக்க முடியும், அதனால் வரும் வழியில் தூங்கவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் அவள் கண் சொக்கும்போதெல்லாம் கன்னத்தைத் தட்டி எழுப்பினோம். அவள் அழுதாள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

அங்கே சொட்டு மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டினார்கள். அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஓடியது. பரிசோதனை செய்த பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எந்த இடத்தில் அந்தக் கோடு எழும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எழும்பு, எழும்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இவர் என் கையைப் பிடித்திருந்தார். எனக்கு விரல் வலித்தது. விடச் சொல்லவில்லை.

இரண்டு காதும்தான். ரொம்பவும் பெரிய சத்தத்துக்குக்கூடப் பதில் இல்லை.

அந்தப் பெண் உட்காரவைத்துப் பேசினார். ஆறு மாதத்திலேயே வந்தது நல்லது, பலர் இரண்டு வயது, மூன்று வயதில் வருகிறார்கள் என்றார். இப்போதே காதில் மிஷின் போட வேண்டும். அதில் போதுமான பலன் இல்லையென்றால் ஒரு வயதுக்குமேல் ஆபரேஷன் பற்றி டாக்டர் முடிவு செய்வார். அதுவரை முகத்துக்கு நேராக இருந்து நிறையப் பேசுங்கள், பாடுங்கள், கையாலும் பேசுங்கள், எதையும் நிறுத்தாதீர்கள் என்றார்.

இது என்னால் வந்ததா என்று கேட்டேன். நான் கேட்க நினைத்த ஒரே கேள்வி அதுதான். இரத்தப் பரிசோதனை செய்தால் காரணம் தெரியலாம், தெரியாமலும் போகலாம், ஆனால் யாரும் செய்த தவறு இல்லை என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பூரணி நன்றாகத் தூங்கினாள். ஆபரேஷன் என்றால் தலையில்தானே செய்வார்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் அவள் தலையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

டிசம்பர் 7

அவரே அத்தைக்குப் போன் செய்து சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். “நான் அன்னைக்கே கேட்டேன்லா” என்றாள் அத்தை.

“கேட்டீங்க. நானும் அன்னைக்கே பதில் சொன்னேன்லாம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரே அரிசியைத் திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தேன்.

டிசம்பர் 19

அண்ணனிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. எழுதி அனுப்பினால் போதாது என்று தோன்றியது. போனை அலமாரியில் சாய்த்துவைத்து எதிரில் நின்று கையால் பேசி வீடியோ எடுத்தேன். நீ சொன்னது சரி. நான் உன் வாயைப் பொத்திவிட்டேன். இரண்டு காதும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வா.

கடைசி வார்த்தைக்குக் கை உயர மறுத்தது. மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது.

சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு சின்ன வீடியோ வந்தது. பட்டறையில் எடுத்தது. ஒரே கேள்விதான் கேட்டிருந்தான். பால் நன்றாகக் குடிக்கிறாளா?

ஜனவரி 9

மிஷின் வந்துவிட்டது. காதில் போட்ட உடனே குழந்தை கண்ணை விரித்துச் சிரிக்கிற வீடியோக்களை எல்லாம் நான் பார்த்து வைத்திருந்தேன். பூரணி சிரிக்கவில்லை. அழுதாள். பிறகு பிடுங்கி வாயில் வைத்தாள். உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, மூடியைப் பூட்டி வையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை சோற்றுப் பருக்கைக்கும் புடவைப் பின்னுக்கும் பயந்தேன். இப்போது இதற்கும்.

கழற்றுகிறாள், போடுகிறேன். கழற்றுகிறாள், போடுகிறேன். ஒரு தடவை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பலமாகக் கூப்பிட்டபோது, கையை ஆட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். திரும்பவில்லை, நிறுத்தினாள் அவ்வளவுதான். கேட்டதா, தற்செயலா, தெரியாது. நாங்கள் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஜனவரி 16

பொங்கலுக்கு அத்தை வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மிஷினை வெகுநேரம் பார்த்தாள். “வலிக்குமா?” என்று கேட்டாள். வலிக்காது என்றேன். போகும்போது மிஷின் வைக்க என்று தன் சுருக்குப் பையைக் காலி செய்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 3

தவழ ஆரம்பித்துவிட்டாள். முதலில் பின்னால் போனாள், இன்று முன்னால். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் இருக்கிறாள். ரெஜினா அக்காவின் பேரன் வெளியே போகப் பார்த்தால் அவன் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து டேய் என்கிறாள், அவன் நின்றுவிடுகிறான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிஷின் போட்டிருந்தாலும் தூரத்திலிருந்து கூப்பிட்டால் பூரணி நிற்பதில்லை. வாசலில் மூன்று படி. படி முடிகிற இடத்தில் ஜல்லி. அதற்கப்புறம் தண்டவாளம், நடுவில் வேலிகூட இல்லை.

வாசலுக்கு ஒரு தடுப்புப் பலகை செய்ய ஆசாரியிடம் சொல்லியிருக்கிறது. அடுத்த வாரம் என்கிறார். அதுவரை கதவைச் சாத்தியே வைக்கிறேன். கதவு சாத்தியிருந்தாலும் எழுந்து எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 11

அண்ணன் நேற்றே வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் என் தலையில் ஒரு குட்டு வைத்தான், வலிக்கும்படியாகவே. அதோடு அந்த விஷயம் முடிந்தது. ராத்திரி இவரும் அவனும் உட்கார்ந்து, பால், சோறு, தூக்கம், அப்பா என்று ஒவ்வொன்றாகக் கையால் படித்தார்கள். இவர் விரல் தடிமன், பாதி தப்பாகவே வருகிறது. அண்ணன் சலிக்கவில்லை.

இன்று காலை இவர் டூட்டிக்குப் போய்விட்டார். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ துணியைத் துவை என்று அண்ணன் சொன்னான். மனசே இல்லாமல் கொல்லைக்குப் போனேன். துவைத்து முடித்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, பின் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் பார்த்தேன்.

வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. காற்றுக்காக அவன் திறந்திருப்பான். அண்ணன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆடுகிற நாற்காலிக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பூரணி அவனைத் தாண்டி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். வேகமாக. வெளியே ஏதோ பளபளத்திருக்க வேண்டும்.

அண்ணா என்று கத்தினேன். பூரணி என்று கத்தினேன். அந்த வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழிய மறுபடி கத்தினேன். அவள் கை நிலைப்படியில் பட்டுவிட்டது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். கொல்லைக் கதவைச் சுற்றி, அடுக்களையைத் தாண்டி, அந்தச் சின்ன வீட்டுக்குள் எவ்வளவு தூரம் ஓடினேன் என்று சொல்ல முடியாது. ஜல்லியில் அவள் தலை மோதுகிற சத்தம் என் காதுக்குள் கேட்டுவிட்டது. உண்மையாகவே கேட்டது.

அறைக்குள் வந்தபோது பூரணி நிலைப்படியில் இருந்தாள். முதல் படிக்கு மேலே ஒரு கையை நீட்டிக் காற்றைத் துழாவிக்கொண்டு, முன்னால் போக முடியாமல் சிணுங்கினாள். அவள் இடுப்பைச் சுற்றி என் பழைய பருத்திப் புடவைக் கிழிசல், வயிற்றை அழுத்தாமல் தளர்வாகச் சுற்றிக் கட்டியிருந்தது. அதன் மறுமுனை அண்ணனின் கணுக்காலில் இருந்தது. துணி விறைத்ததும் அவன் சுத்தியலைக் கீழே வைத்திருந்தான். உட்கார்ந்தபடியே துணியைக் கையில் சுற்றி மெதுவாக இழுத்தான். அவள் பாயை நோக்கிச் சறுக்கிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது விளையாட்டு. வாய்விட்டுச் சிரித்தாள். அவன் இழுப்பதற்காகவே மறுபடி வாசலை நோக்கிக் கிளம்பினாள்.

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். ஈரப் புடவையும் விரிந்த தலையுமாக நான் மூச்சு வாங்க நின்றிருந்தேன். என்ன என்று கையை விரித்துக் கேட்டான்.

ஒன்றும் இல்லை என்று சொல்லக் கை எழவில்லை. கத்தினேன், உங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை என்றேன். எங்களுக்கு எதற்குக் கேட்க வேண்டும் என்பது போல, அவன் கணுக்காலைத் தூக்கி அந்தத் துணியைக் காட்டினான்.

நான் வாசலை மறித்துத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் பயம் விடவில்லை. இனி விடும் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. பூரணி என் மடிவரை தவழ்ந்து வந்து முட்டினாள்.

வயிற்றை அழுத்தாமல், அவிழ்ந்தும் போகாமல் அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் அதை அவிழ்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து காட்டினான்.